தொட்டால் போதுமா, எழுதவும் வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டிலேயே ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வெளியூர்ப் பிள்ளைகள் சிலருக்குக் கூகுள் மீட்டில் பாடம். இப்போது போனை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, நோட்டில் எழுதுவதைக் காட்டி நடத்துகிறேன். திரையிலேயே எழுதிக் காட்ட ஒரு டச் ஸ்கிரீன் லேப்டாப் வாங்க ஆசை. கடையில் 11.6 அங்குலத்தில் சின்னதாக ஒன்று காட்டினார்கள். திரையை முழுக்கத் திருப்பிப் பின்னால் மடக்கலாம். இன்டெல் செலரான் என்4500, 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், விண்டோஸ் 11, விலை 26,000 என்றார்கள். என்னால் 35,000 வரை போட முடியும். தமிழில் கேள்வித்தாள் டைப் செய்ய வேண்டும். மாமனார் அதில் பேப்பர் படிக்க விரும்புகிறார். மகள் அடுத்த வருடம் பி.காம். சி.ஏ. சேரப்போகிறாள், அவளுக்கும் ஆக வேண்டும். வாங்கலாமா?

பதில்: வணக்கம் டீச்சர்.

அந்த லேப்டாப்பை வாங்காதீர்கள். சின்னதாக இருப்பதைக் குறை சொல்ல மாட்டேன், விலை குறைவு என்பதையும் குறை சொல்ல மாட்டேன். எந்த வேலைக்காக டச் ஸ்கிரீன் தேடுகிறீர்களோ அந்த வேலையை அது செய்யாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது டச் ஸ்கிரீன்தான். ஆனால் விரலால் தொடுவதற்கான திரை. கணக்கு போட்டுக் காட்டப் பேனாவால் எழுதக்கூடிய திரை வேண்டும். அது வேறு சரக்கு.

விரல் திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்தி வலை ஒன்று இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் மின்னேற்றம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை வைத்துத் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. விரல் நுனி அகலமானது என்பதால் பட்டன் அழுத்த, பக்கம் தள்ள, படத்தைப் பெரிதாக்க இது நன்றாகவே உதவும். கூர்மையான பேனா முனையை அதனால் உணர முடியாது. அதற்காகத்தான் தடித்த ரப்பர் முனை வைத்த ஸ்டைலஸ் விற்கிறார்கள். திரையைப் பொறுத்தவரை அது இன்னொரு விரல். அதைக் கொண்டு இருபடிச் சமன்பாடு எழுதிப் பாருங்கள்: அடுக்காக மேலே வரவேண்டிய 2, கீழே இருக்கும் எழுத்தின் அளவுக்கே வந்து நிற்கும். பின்னத்தில் தொகுதி எது, பகுதி எது என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. எழுதும்போது உள்ளங்கை திரையில் படியுமே, அதையும் அது தொடுதலாகத்தான் எடுத்துக்கொள்ளும். கோடு கண்ட இடத்தில் விழும், பக்கம் தானாக நகரும். கையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு மணி நேரம் எழுத யாராலும் முடியாது.

ஆக்டிவ் பென் என்பது வேறு அமைப்பு. பேனாவின் முனையை அடையாளம் காண்பதற்கென்றே தனி வசதி திரையில் இருக்கும். பேனா திரைக்கு அருகில் வந்தவுடனேயே அது தெரிந்துகொண்டு, கை படுவதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். அழுத்தி எழுதினால் கோடு தடிக்கும், மெல்ல எழுதினால் மெலியும். கடையில் சோதிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். பெயின்ட் அல்லது ஒன்நோட்டைத் திறந்து, பேனா முனையைத் திரையைத் தொடாமல் ஒரு நூல் உயரத்தில் பிடியுங்கள். தொடும் முன்பே திரையில் சின்னப் புள்ளி ஒன்று தெரிந்து, பேனா போகும் பக்கமெல்லாம் கூடவே நகர வேண்டும். பிறகு உள்ளங்கையை நன்றாகத் திரையில் ஊன்றி, நோட்டில் எழுதும் அளவிலேயே ஒரு வரி எழுதுங்கள். இந்த இரண்டிலும் தேறினால்தான் உங்களுக்கு ஆகும். எம்.பி.பி., வேக்கம் ஏ.இ.எஸ்., யூ.எஸ்.ஐ. என்று பேனா வகைகள் உண்டு. திரை எந்த வகையோ பேனாவும் அதே வகையாக இருக்க வேண்டும். மாற்றி வாங்கினால் ஒரு கோடு கூட விழாது.

பேனா விஷயத்தை விட்டுவிட்டாலும் அந்த மெஷின் உங்களுக்குப் போதாது. விலை குறைந்த டச் லேப்டாப்புகளில் எனக்கு இருக்கும் பெரிய மனவருத்தமே இதுதான். கண்ணாடிக்கும் சுழலும் கீலுக்கும் போன காசை உள்ளே இருக்கும் பாகங்களில் குறைத்துவிடுகிறார்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேமும் 64 ஜிபி ஸ்டோரேஜும். அந்த லேப்டாப்பில் இருப்பது சரியாக அவ்வளவுதான், ஒரு ஜிபி கூட மேலே இல்லை. விண்டோஸ் ஓடுவதற்கே ரேமில் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சத்தில் மீட், பாடப்புத்தக பி.டி.எஃப்., எழுதும் பலகை மூன்றையும் திறந்தால் பிள்ளைகளுக்கு உங்கள் குரல் விட்டு விட்டுக் கேட்கும். 64 ஜிபியிலும் விண்டோஸும் அதன் துணைக் கோப்புகளும் ஏறக்குறைய பாதியைப் பிடித்துக்கொள்ளும். பெரிய அப்டேட் வரும்போது அது இறங்கவும் விரியவும் இடமில்லாமல் பாதியில் நிற்கும். இந்த நிலையில் சர்வீஸுக்கு வரும் லேப்டாப்புகளைத் திறந்து பார்த்தால் ஸ்டோரேஜ் இ.எம்.எம்.சி. வகையாக இருக்கும். அது மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட சிப். கழற்றிப் பெரிதாக மாற்ற வழியில்லை. ரேமும் பெரும்பாலும் அப்படியே. கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களிடம் சொல்ல என்னிடம் பதில் இருப்பதில்லை.

என்4500 சிப் 2021-இல் வந்தது. இரண்டே கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் பகுதிகள் இரண்டுதான். அதே வரிசையில் 2023-இல் வந்த என்100-இல் நான்கு கோர். வீட்டு உபயோகத்துக்குச் சின்ன லேப்டாப் தேடும் மற்ற வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: என்100, 8 ஜிபி ரேம், கழற்றி மாற்றக்கூடிய எஸ்.எஸ்.டி. (தனி ஸ்டோரேஜ் அட்டை) இருந்தால் மெயில், பேங்க் வேலை, யூடியூப், கடைக் கணக்கு எல்லாவற்றுக்கும் சின்ன மெஷின் தாராளமாகப் போதும். அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. 11.6 அங்குல மலிவு மாடல்களில் பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளிகள்தான். மீட் ஜன்னலும் எழுதும் பலகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத உள்ளங்கை அகலம்தான் மிஞ்சும். 13.3 அங்குலத்தில் 1920-க்கு 1080 இருந்தால் அந்த நெருக்கடி போய்விடும். எடை பெரிதாகக் கூடுமோ என்று பயப்பட வேண்டாம். சின்னது ஒன்றேகால் கிலோ என்றால் இது ஒன்றரை கிலோ. ஐ.பி.எஸ். திரைதானா என்றும் கேளுங்கள். டி.என். வகையாக இருந்தால், மடக்கிப் படுக்கவைத்து மேலிருந்து எழுதும்போது நிறம் வெளிறி எழுத்து மங்கும்.

இனி, 35,000-க்குள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். எனக்கு இரண்டு வழி தெரிகிறது.

முதல் வழி, பெரிய நிறுவனங்கள் சில வருடம் உபயோகித்துக் கழித்துவிட்ட லேப்டாப்புகளில் பேனாவோடு வந்த மாடலாகப் பார்த்து வாங்குவது. லெனோவோவின் திங்க்பேட் எல்390 யோகா, திங்க்பேட் எக்ஸ்1 யோகா மூன்றாம் தலைமுறை இரண்டிலும் பேனா லேப்டாப்பின் உடம்பிலேயே ஒரு குழிக்குள் சொருகி இருக்கும், அங்கேயே சார்ஜும் ஆகும். ஹெச்.பி.யின் எலைட்புக் எக்ஸ்360 1030 ஜி3-யும் இந்த ரகம்தான், ஆனால் பேனா தனியாக வரும். புதிதாக விற்றபோது இவை உங்கள் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு விலை. நாள் முழுக்க ஆபீஸில் உழைப்பதற்கென்று செய்தவை என்பதால் கீபோர்டும் கீலும் உறுதியாக இருக்கும். புது மலிவு மெஷினைவிட நன்றாகப் பராமரித்த பழைய பிசினஸ் மெஷின் மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது பிராசஸரின் தலைமுறை. ஐ5-8250யூ, ஐ5-8265யூ என்று கோட்டுக்குப் பின்னால் 8-இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11-க்குத் தகுதி உண்டு. ஐ5-7200யூ, ஐ5-7300யூ என்று 7-இல் தொடங்கினால் தகுதியில்லை. எக்ஸ்1 யோகா இரண்டாம் தலைமுறையில் இருப்பது இந்த ஏழுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் ஏழாம் தலைமுறை மெஷின்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. விலை ஆசையைத் தூண்டும். சிலர் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றியும் காட்டுவார்கள். மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக் என்ற இலவச ஆப்பை அங்கேயே ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. அதில் டிசைன் கெபாசிட்டி என்றும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்றும் இரண்டு எண் இருக்கும். இரண்டாவது, முதலாவதில் எண்பது சதவீதம் இருந்தால் சந்தோஷம். அறுபதுக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரிக்கான காசை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாடத்தின் நடுவில் கரண்ட் போனால் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

பலரும் கோட்டைவிடும் இடம் பூட்டு. சில மெஷின்களைப் பழைய நிறுவனம் தன் கணக்கிலிருந்து விடுவிக்காமலேயே விற்றிருக்கும். கடையில் ஒழுங்காக ஓடும். என்றைக்காவது நீங்கள் ரீசெட் செய்தால் அந்த நிறுவனத்தின் மெயிலும் பாஸ்வேர்டும் கேட்டு நின்றுவிடும். அதனால் உங்கள் கண்முன்னே ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, டெஸ்க்டாப் வரும் வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்ட் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் ஆகும். 'அதெல்லாம் வேண்டாம் மேடம், நான் கேரண்டி' என்று தட்டிக் கழிக்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

டச்சையும் பேனாவையும் சோதிக்கும்போது திரையின் நான்கு ஓரங்களையும் ஒட்டிக் கோடு போட்டு, மூலைக்கு மூலை குறுக்காகவும் இழுங்கள். எங்காவது கோடு விட்டுப்போனாலோ, தொடாத இடத்தில் தானாகப் புள்ளி விழுந்தாலோ அந்தப் பலகம் வேண்டாம். திரையை முழுக்கச் சுற்றி மடக்கும்போது படம் விட்டு விட்டு வந்தால் கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் நைந்திருக்கிறது என்று பொருள். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி.க்குக் குறையாமல் கேளுங்கள். எல்390 யோகாவில் ரேமை மாற்றலாம். எக்ஸ்1 யோகாவில் அது போர்டிலேயே இருப்பதால் வாங்கும்போது இருப்பதுதான் கடைசி வரை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இவை நிறையக் கிடைக்கும். ஆனால் ஏதாவது பழுது என்றால் கும்பகோணத்திலிருந்து ஒவ்வொரு முறையும் போய்வர முடியாது. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ குறைந்தது ஆறு மாத வாரண்டி எழுதித் தரும் கடை கிடைத்தால், ஆயிரம் இரண்டாயிரம் கூட இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள்.

இரண்டாவது வழி, டச்சே இல்லாத புது 14 அங்குல லேப்டாப் ஒன்றும் தனியாக ஒரு பென் டேப்லெட்டும். பென் டேப்லெட் என்றால் போன் மாதிரியான டேப் கிடையாது. திரை இல்லாத ஒரு பலகை, சிலேட்டு மாதிரி இருக்கும். யூ.எஸ்.பி.யில் செருகி, அதன் பேனாவால் பலகைமேல் எழுதினால் எழுத்து லேப்டாப் திரையில் வரும். வேக்கம், ஹுயான், எக்ஸ்பி-பென் ஆகிய கம்பெனிகள் செய்கின்றன. ஐந்தாயிரத்தை ஒட்டியே நல்லது கிடைக்கும். கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து எழுத வேண்டும் என்பதால் முதல் சில நாட்கள் எழுத்து கோணலாக வரும், பிறகு பழகிவிடும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே வகுப்பைப் பார்த்துப் பேசிப் பழகிய கைக்கு இது பெரிய விஷயமில்லை. லேப்டாப்பில் இன்டெல் ஐ3-1215யூ அல்லது ஏஎம்டி ரைசன் 3 7320யூ, 8 ஜிபி ரேம் என்ற அளவில் பாருங்கள். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் சிப்புகளின் விலை ஏறியதால் இரண்டும் சேர்த்து 35,000-ஐத் தாண்டலாம், கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கும்.

இரண்டில் எது என்றால், நான் முதல் வழியைச் சொல்வேன். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கும் அதே திரையைப் படுக்கவைத்து 'இந்த வரியை நீ போடு' என்று பேனாவைக் கையில் கொடுக்கலாம். பிள்ளை எங்கே தப்புகிறது என்று அந்த நிமிடமே தெரியும். பென் டேப்லெட்டில் அது நடக்காது. பழைய பொருளே வேண்டாம் என்று வீட்டில் சொன்னால் இரண்டாவதில் குறையொன்றும் இல்லை.

எழுதுவதற்கு ஒன்நோட் இலவசம். ஜர்னல்++ (Xournal++) என்றொரு இலவச மென்பொருளும் உண்டு. பாடநூல் பி.டி.எஃப்.பை அதில் திறந்து மேலேயே எழுதி, வகுப்பு முடிந்ததும் அப்படியே பிள்ளைகளுக்கு அனுப்பிவிடலாம். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் எட்ஜ் பிரவுசரே பி.டி.எஃப். மேல் எழுத விடுகிறது.

போன் ஸ்டாண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, வடிவொத்த முக்கோணம் வரைவது போன்ற செய்முறை வடிவியலுக்குக் காம்பசும் அளவுகோலும் காகிதமும்தான் வேண்டும். பரீட்சையில் பிள்ளை செய்யப்போவது அதைத்தானே. போனை அதே மீட்டில் இன்னொரு ஆளாகச் சேர்த்து, மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டால் அதன் கேமராவைத் தேவைப்படும்போது காட்டலாம்.

தமிழ் டைப்பிங்குக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸ் 11-இல் தமிழ் 99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பு உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அந்தக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். திரையில் வரும் டச் கீபோர்டை நம்பிக் கேள்வித்தாள் அடிக்க வேண்டாம். பாதித் திரையை அது மறைத்துவிடும், வேகமும் வராது. வாங்கும் முன் கடையிலேயே ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். சின்ன லேப்டாப்புகளில் ஓரத்துச் சாவிகளைக் குறுக்கியிருப்பார்கள், விரல் அடிக்கடி தப்பும்.

மாமனாருக்கு லேப்டாப் சரிப்படாது. பின்னால் மடக்கினாலும் ஒன்றரை கிலோவைக் கையில் பிடித்து ஈஸிசேரில் படிக்க முடியாது. பிடிக்கும் கைக்குக் கீழே கீபோர்டு வேறு உறுத்தும். மேசையில் கூடாரம் மாதிரி நிறுத்திக் கொடுத்தால் விரலால் தள்ளிப் படிப்பார், அதற்கு டச் நன்றாகவே உதவும். படுத்துக்கொண்டு படிக்க வேண்டுமானால் அரைக் கிலோ எடையில் பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப் ஒன்றைப் பிறகு யோசிக்கலாம். இந்த 35,000-இல் அதையும் அடக்கப் பார்க்காதீர்கள்.

மகளின் படிப்பில் டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருள் வரும், அதற்கு விண்டோஸ்தான் சௌகரியம். அதனால்தான் விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓ.எஸ்.ஸில் ஓடும் குரோம்புக் பற்றி நான் பேசவில்லை. புது லேப்டாப் எதுவானாலும் முதல்முறை திறக்கும்போது விண்டோஸ் 'எஸ் மோட்' என்று காட்டினால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இல்லாத எதையும் அது ஏற்ற விடாது. ஸ்டோர் வழியாகவே இலவசமாக அதிலிருந்து வெளியே வரலாம். வந்த பிறகு திரும்பப் போக முடியாது, போக வேண்டிய அவசியமும் இல்லை.

டச் லேப்டாப்பைப் பராமரிப்பதில் மூன்று விஷயம் அவசியம் சொல்ல வேண்டும். சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் திரை தானாகத் துள்ளினால், தொட்டால் இலேசாகச் சுரீரென்றால், உடனே திரை கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். எர்த் இல்லாத பிளக்கோ, மூன்று முள்ளை இரண்டாக்கும் கன்வெர்ட்டரோ, தரமில்லாத சார்ஜரோ காரணமாக இருக்கலாம். பழைய வீடுகளில் இது சகஜம். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், லேப்டாப்பைவிட உங்கள் உயிருக்கு அது முக்கியம். இரண்டாவது, திரையை ஒரு மூலையைப் பிடித்துத் திறக்காதீர்கள். கீலைப் பிடித்திருக்கும் சின்னப் பித்தளை நட்டுகள் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். மேல்விளிம்பின் நடுவில் பிடித்துத் தூக்க வேண்டும். பேனாவை உள்ளே வைத்து மூடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, இந்த மாடல்களில் மேல் கண்ணாடியும் உள்திரையும் ஒன்றாக ஒட்டியிருக்கும். கண்ணாடியில் கீறல் விழுந்தாலே இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், சாதாரண வாரண்டியில் உடைவு சேராது. கீறலால் டச் தாறுமாறாக ஓடினால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டச் ஸ்கிரீனை மட்டும் அணைத்துவிட்டு, மாற்றும் வரை சாதாரண லேப்டாப்பாக ஓட்டலாம்.

பணம் கொடுக்கும் முன் ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் பெயர், சீரியல் நம்பர், ரேம், எஸ்.எஸ்.டி. அளவு, பேனா உண்டு என்பது, வாரண்டி எத்தனை மாதம் என்பது எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சீரியல் நம்பர் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருப்பதும் பயாஸில் தெரிவதும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் ஏதாவது மாடல் காட்டி உங்களுக்குச் சந்தேகம் வந்தால், முன்பணம் கொடுக்காமல் அதன் முழுப் பெயரையும் பிராசஸர் எண்ணையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.